கெளுத்தித் தீவனத்தில் மீன்தூளைக் குறைத்தவர்கள் என்ன கண்டீர்கள்?

கெளுத்தி வளர்ப்பில் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அதிலும் கையைக் கடிப்பது மீன்தூள்தான். அதனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிண்ணாக்குகளைச் சேர்த்து வருகிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு நன்றாகக் கைகொடுத்தது சோயாப் பிண்ணாக்கு. புரதம் 44 முதல் 48 சதவீதம் வரை இருக்கிறது, புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான லைசினுக்கும் குறைவில்லை. இன்னொரு அமினோ அமிலமான மெத்தியோனின் மட்டும் கொஞ்சம் பற்றாது. விற்பனைக்கு வளர்க்கும் பெரிய மீனுக்குத் தீவனத்தில் 28 முதல் 32 சதவீதம் புரதம் இருந்தாலே போதும் என்பதால், மீன்தூள் அறவே இல்லாமலும் சோயாவை வைத்து வளர்ச்சி எடுக்க முடிகிறது. ஆனால் பச்சை சோயாவை அப்படியே அரைத்துப் போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் புரதத்தைச் செரிக்க விடாது. சூடு பட்டால்தான் அது அடங்கும். சூடு மிஞ்சினாலோ லைசின் கெட்டுவிடும். அதனால் மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பேன். வெளிர் பழுப்பாக, லேசாக வறுத்த வாசனையோடு இருந்தால் நல்ல சரக்கு. பயறின் பச்சை வாடை அடித்தால் வேகவில்லை, கருத்திருந்தால் தீய்ந்துவிட்டது.

குஞ்சுகளுக்கு மட்டும் மீன்தூளை நிறுத்தவில்லை. அவற்றுக்குப் புரதமும் கூடுதலாக வேண்டும், ருசியும் வேண்டும். பிண்ணாக்கு கூடிய தீவனத்தைக் குஞ்சு வாயில் வாங்கி, உடனே துப்பிவிடுவதைக் கரையில் குனிந்து பார்த்தாலே தெரியும்.

*

சோயா பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கடலைப் பிண்ணாக்கும் கலப்பவன். மூட்டையில் போட்டிருக்கும் புரத சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. இரண்டிலும் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு, ஆனால் லைசின் குறைவு. கெளுத்திக்குப் புரதத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் லைசினாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற புரதம் எவ்வளவு இருந்தும் உடம்பில் ஒட்டாது, கழிவாகத்தான் போகும். பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சு வேறு இருக்கிறது. அது இருக்கிற லைசினையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தனியாகப் போடாமல் சோயாவோடு அளவாகக் கலந்து, லைசினைத் தூளாகவும் சேர்க்கிறேன். அப்படிச் செய்தபோது வளர்ச்சி குறையவில்லை.

கடலைப் பிண்ணாக்கை மீன் விரும்பித் தின்னும். பயமெல்லாம் பூஞ்சணத்தால்தான். ஈரம் ஏறிய மூட்டைக்குள் கையை விட்டால் நடுவில் வெதுவெதுப்பாக, கட்டி கட்டியாகத் தட்டுப்படும். அப்படிப்பட்ட மூட்டையைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பூஞ்சணம் காய்ந்து உதிர்ந்தாலும் அது விட்ட அஃப்ளாடாக்சின் என்ற நச்சு போகாது, தீவன எந்திரத்தின் சூட்டுக்கும் அசையாது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சரக்கிலும் அது இருக்கக்கூடும். மொத்தமாக வாங்குகிறவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.

*

நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, மக்காச்சோள குளூட்டன். புரதம் 60 சதவீதம் இருக்கிறதே என்று நிறையச் சேர்த்த ஒருவரின் மீனை அறுத்துப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய சதை மஞ்சள் பூத்திருந்தது. சோளத்தின் மஞ்சள் நிறமி சதையில் தங்கிவிடுகிறது. மீனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வெள்ளைச் சதை கேட்டு வருபவர் வாங்க மாட்டார்.

இன்னொன்று பாஸ்பரஸ். விதைகளில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் சக்தி மீனின் குடலுக்கு இல்லை. எனவே மீனுக்கும் பயனில்லாமல் சாணத்தோடு குளத்தில் இறங்கி, தண்ணீரைப் பச்சையாக்குகிறது. பிண்ணாக்கு கூடக் கூடப் பாசி ஏறுகிறதே என்று குழம்புகிறவர்கள் இதையும் யோசியுங்கள். பைட்டேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் சரியாகும். ஆனால் மிதவைத் தீவனம் செய்யும் எந்திரத்தின் சூட்டில் அது செத்துவிடும். பெல்லட், அதாவது தீவனக் குருணை, வெளியே வந்து ஆறியபின் மேலே தெளிக்க வேண்டும்.

அப்புறம், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடி. காய்ந்த கணக்கில் 25 சதவீதம் வரை புரதம் சொல்வார்கள், ஆனால் பச்சையில் பெரும்பாலும் தண்ணீர்தான். உலர்த்திப் பொடித்து, சிறிதளவு கலப்பதற்கு ஆகும். அதை நம்பிச் சோயாவைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. முருங்கை இலைப் பொடி, தட்டைப்பயறு கலந்து பார்த்தவர்கள் இருந்தால், எந்த வயது மீனுக்கு எவ்வளவு கலந்தீர்கள் என்பதோடு எழுதுங்கள்.