லாக்ஹார்ட் போனவங்க எழுதுங்க: கறிக்கடை தவிர என்ன பார்த்தீங்க?

பிளம் கிரீக்வாசி:

ஆஸ்டின்ல இருக்கிற நம்மாளுங்களுக்கு லாக்ஹார்ட்னா கறிதான். 183-ம் நம்பர் ஹைவே பிடிச்சு தெற்கே 30 மைல், பிரிஸ்கெட்டு (மாட்டு நெஞ்சுக்கறி), சாசேஜு, நேரா வீடு. டெக்சாஸ் சட்டமன்றமே 1999-ல ‘பார்பிக்யூ தலைநகர்’னு தீர்மானம் போட்ட ஊரு, அதனால யாரையும் குறை சொல்லல. ஆனா அது கால்டுவெல் கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைமையூரும்கூட. நான் அங்க வீடு வாங்கினது விலைக்காக. ஊர் பிடிச்சுப்போனது அந்தக் கவுண்டி ஆபீசுகளால.

வண்டி ரெஜிஸ்ட்ரேஷன், வீட்டு வரி, பத்திரம், கல்யாண லைசென்ஸ்னு சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வந்து போற ஊரு. வரிசையில முன்னாடி நிக்கிறவர் பூட்ஸ்ல சாணி ஒட்டியிருக்கும். பின்னாடி நிக்கிற பொண்ணு கழுத்துல ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கும். என் முழுப் பேரையும் தடுமாறாம சொன்ன முதல் அமெரிக்க அரசு ஊழியர் அந்தக் கவுண்டர்ல இருந்த அம்மாதான்.

சதுக்கத்து நடுவுல 1894-ல முடிச்ச கோர்ட் ஹவுஸ், உச்சியில கடிகாரக் கோபுரம். அங்க ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ கூடுது. கேஸ் கீஸ் ஒண்ணும் கிடையாது. கவுண்டி ஜட்ஜும் நாலு கமிஷனர்களும் ரோடு, பாலம், பட்ஜெட்டு பேசுவாங்க. அந்த ஜட்ஜ் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்னுகூட சட்டம் இல்ல! யாரு வேணா போய் உக்காரலாம். நான் போன அன்னிக்கு ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, மழை பெஞ்சா தரைப்பாலம் முழுகுதுன்னு பேசினார். முடிஞ்சதும் வெளிய வந்து, ‘உங்க பக்கம் தண்ணி ஏறுதா?’ன்னு என்கிட்டயே விசாரிச்சார். நம்ம கிராம சபைக் கூட்டம்தான், ஏ.சி. மட்டும் உண்டு.

மகன் வீட்டுக்கு வந்தவர்:

தம்பி, நான் சுத்த சைவம். மகனும் மருமகளும் கறிக்கடை வரிசையில் நிற்க, நான் காலாற நடந்தேன். சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே டாக்டர் யூஜின் கிளார்க் நூலகம் இருக்கிறது. அந்த மருத்துவர் எழுதிவைத்த 10,000 டாலரில் 1899-ல் கட்டியது. இன்றும் அதே கட்டடம், அதே வேலை. வண்ணக் கண்ணாடி சன்னல்களும் உள்ளே ஒரு சொற்பொழிவு மேடையும் இருக்கின்றன. 1887-ல் ரயில் வந்து பருத்தி கொழித்த ஊர் என்பது அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எதிர் மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஊர் பிறந்தது 1848-ல். லாக்ஹார்ட் என்பது பேர்ட் லாக்ஹார்ட் என்ற நில அளவையாளரின் பெயர். அதற்கு முன்பே, 1840 ஆகஸ்டில், பிளம் கிரீக் ஓடைக்கரையில் கொமான்சி பழங்குடியினருக்கும் டெக்சாஸ் படைக்கும் சண்டை நடந்தது. கடலோர லின்வில் வரை போய்ச் சூறையாடிவிட்டுத் திரும்பியவர்களை இங்கே மடக்கினார்கள். “பள்ளியில் எங்களுக்கு அவ்வளவுதான் சொன்னார்கள்” என்றவர், கொஞ்சம் பொறுத்து மீதியையும் சொன்னார். அந்த ஆண்டு மார்ச்சில் சான் ஆண்டோனியோவுக்குப் பேச்சுவார்த்தைக்கு வந்த கொமான்சித் தலைவர்களை அங்கேயே கொன்றிருக்கிறார்கள். அதற்குப் பழிவாங்கத்தான் அந்தப் படையெடுப்பு. சொந்த ஊர்க் கதையை ஒருவர் இப்படி இரண்டு பக்கமும் வைத்துச் சொல்வது அபூர்வம். அவரோடு இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன், மகன் போன் அடித்துவிட்டான்.

கறிப்பிரியை:

கறியை அப்படியெல்லாம் ஒதுக்க முடியாதுங்க, அதுவும் ஊர் வரலாறுதான். 1900-ல சார்ல்ஸ் கிரைட்ஸ் ஆரம்பிச்ச ‘கிரைட்ஸ் மார்க்கெட்’ அப்ப வெறும் இறைச்சிக்கடை. விக்காம மிஞ்சினதைப் புகையில வாட்டி வித்திருக்காங்க. நீள மேசையில எனக்கு எதிர்ல உக்காந்த மெக்சிகன் தாத்தா, பருத்தி பறிக்கிற சீசன்ல அவரோட அப்பா இங்க காகிதத்துல மடிச்சுக் குடுக்கிற சாசேஜையும் க்ராக்கரையும் வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னார். இப்பவும் அதே காகிதம்தான், தட்டு கிடையாது.

சொத்துப் பிரிவினை கதை தெரியுமா? பின்னாளில் கடையை நடத்தினவர்கிட்ட இருந்து வியாபாரம் மகன்களுக்குப் போச்சு, அவர் இறந்ததும் கட்டடம் மகளுக்கு. வாடகை ஒப்பந்தம் ஒத்துவரல. 1999-ல கடை வேற இடத்துக்குப் போச்சு. பழைய அடுப்புத் தணலைத் தொட்டியில போட்டுத் தெருவழியா இழுத்துட்டுப் போயி புது அடுப்பைப் பத்த வெச்சாங்க. பழைய கட்டடத்துல மகள் ‘ஸ்மிட்டிஸ்’னு ஆரம்பிச்சாங்க. ரெண்டுமே இப்பவும் ஓடுது. எந்தப் பக்கம் ருசின்னு ஊர்க்காரங்ககிட்ட கேட்டுடாதீங்க, அரை நாள் போயிடும். என் ஓட்டு ஸ்மிட்டிஸுக்கு: கறி வாங்க நிக்கிறப்ப கால்கிட்டயே தரையில விறகு எரியும், உடுப்புல அந்த வாசம் போகவே போகாது.

இரவுப்பணி:

130 டோல் ரோடு வழியா போறவங்க கவனம். மணிக்கு 85 மைல், அமெரிக்காவுலயே அதிக வேக வரம்பு. 2012-ல திறந்த புதுசுலேயே ராத்திரியில காட்டுப்பன்றிங்க மேல கார்கள் மோதுச்சு. எனக்கும் லாக்ஹார்ட் தாண்டி ஒரு கூட்டம் குறுக்க வந்துச்சு. 65-க்கு மேல நான் இப்ப மிதிக்கிறதே இல்ல.

பிளம் கிரீக்வாசி:

ஐயா, அடுத்த முறை வார நாள்ல வாங்க, சனி ஞாயிறு கவுண்டி ஆபீஸ் மூடியிருக்கும். கூட்டத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சாப்பாட்டுக்கு மட்டும் தயிர்சாதம் கட்டிட்டு வந்துடுங்க, இங்க பீன்ஸ்லகூடக் கறி போடுவாங்க.