முத்தையா தாத்தாவுக்குக் குரல் தேவை

வணக்கம் உறவுகளே. பொகவந்தலாவைப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து, தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை வைத்து ரேடியோ நாடகம் மாதிரி ஒரு தொடரை வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அதில் முத்தையா தாத்தா, தொழிலாளர்களை மேய்த்து ஓய்வுபெற்ற கங்காணி. "பெரட்டுக்கு நேரமாச்சு, இன்னும் கம்பளிக்குள்ளேயா?" (பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடுவது) என்று அவர் இருமிக்கொண்டே கேட்டால்தான் நாடகமே தொடங்கும். குரல் கொடுத்த அண்ணன் இப்போது வேலைக்குக் கட்டார் போகிறார்.

ஆளை மாற்றுவதா, தாத்தாவைச் சாகடிப்பதா என்று எங்களுக்குள் சண்டை. பிபிசியின் கிராமத்துத் தொடரான 'த ஆர்ச்சர்ஸ்'-இல் ஃபில் ஆர்ச்சராக நோர்மன் பெயிண்டிங் 1950 முதல் 2009-இல் இறக்கும்வரை நடித்தார். வேறு குரல் போடாமல், 2010-இல் பாத்திரத்தையும் முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) படிவம் நிரப்புவதைக்கூட தாத்தா சொன்னால்தான் எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) காது கொடுக்கிறார்கள்!

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வயதான குரலில் பேசக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுகிறவரைத் திட்டுகிற மாதிரி ஒரு நிமிடம் பேசி இன்பொக்ஸில் அனுப்புங்கள். சினிமாப் பேச்சு வேண்டாம். சம்பளம் இல்லை, டேட்டா காசு தருவோம்.