டெக்சஸ் டி.டபிள்யூ.ஐ. (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) வழக்கு: கோர்ட் சொன்ன வகுப்பை ஆன்லைனில் எடுக்கலாமா, எதை எடுப்பது?

பிளேனோ அக்கா:

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். என் தம்பி எஃப்-1 மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறான். நண்பன் வீட்டுப் பார்ட்டி முடிந்து ராத்திரி திரும்பும்போது போலீஸ் நிறுத்தியது. மூச்சுப் பரிசோதனையில் சட்ட வரம்பான 0.08-ஐத் தாண்டிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். முதல் தடவை என்பதால் வக்கீல் பேசி ஒரு வருட புரொபேஷனில் (ஜெயிலுக்குப் பதில் ஓர் ஆபீசரின் கண்காணிப்பில் இருப்பது) முடித்துக் கொடுத்தார்.

நீதிபதி கொடுத்த நிபந்தனைத் தாளில் "டி.டபிள்யூ.ஐ. எஜுகேஷன் புரோகிராம்" என்று ஒரு வரி இருக்கிறது. 180 நாளுக்குள் முடிக்க வேண்டுமாம். வக்கீல் ஆபீசில் கேட்டால், "ஏதாவது அப்ரூவ்டு கிளாஸ் எடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தேடிப் பார்த்ததில் மூன்று கிடைத்தன. முதலாவது ஒரு இணையதளத்தின் "12 மணி நேர ஆல்கஹால் அவேர்னஸ்" வகுப்பு. நமக்கு நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம், முடித்த உடனே சான்றிதழ். 50 மாநிலக் கோர்ட்டுகளிலும் ஏற்றுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்று போட்டிருக்கிறார்கள். விலையும் குறைவு. இரண்டாவது, சனி ஞாயிறுகளில் ஜூமில் ஆசிரியர் நேரலையில் நடத்துவது. விலை இரண்டு மடங்குக்கு மேல். மூன்றாவது, நேரில் போய் உட்கார வேண்டிய வகுப்பு. அதற்குத் தம்பியைக் காரில் கொண்டுபோய் விட ஆள் இல்லை, எனக்கும் அந்த நேரத்தில் வேலை.

தம்பி முதலாவதை எடுத்துவிடலாம் என்கிறான். 12 மணி நேரம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்பது அவன் கணக்கு. எனக்கு மனசு ஒப்பவில்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஊரில் அப்பா அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

பழைய மாணவன்:

அக்கா, இன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம். தம்பியை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

மணி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தாளில் எழுதியிருக்கும் பெயர்தான் முக்கியம். டெக்சஸில் "டி.டபிள்யூ.ஐ. எஜுகேஷன் புரோகிராம்" என்பது பொதுவாகச் சொல்லும் வார்த்தை இல்லை, சட்டத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகுப்பின் பெயர். டி.டி.எல்.ஆர். என்று சொல்லும் மாநில உரிமத் துறைதான் அதற்கு அனுமதி கொடுக்கிறது. முதல் தடவை மாட்டியவர்களுக்கு 12 மணி நேர எஜுகேஷன். மறுபடியும் மாட்டியவர்களுக்கு 32 மணி நேர இன்டர்வென்ஷன். போதைப்பொருள் வழக்கு என்றால் 15 மணி நேர டிரக் அஃபென்டர் எஜுகேஷன். வயது குறைந்தவர்கள் மது வழக்கில் மாட்டினால் 6 மணி நேரம். நாலும் தனித்தனி, ஒன்றுக்கு இன்னொன்று செல்லாது.

நீங்கள் சொல்லும் முதல் இணையதளத்தில் டி.டி.எல்.ஆர். உரிம எண் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் 12 என்ற எண் ஒத்துப்போவதால் எந்தப் பயனும் இல்லை. "50 மாநிலங்களிலும்" என்று ஒருவர் சொன்னாலே நான் சந்தேகப்படுவேன். இந்த விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம். பணம் வாபஸ் வந்தாலும் போன நாட்கள் வாபஸ் வராது. அந்த 180 நாள் கணக்கு, நீதிபதி புரொபேஷன் கொடுத்த தேதியிலிருந்து ஓடுகிறது. ஆபீசரை முதலில் பார்த்த தேதியிலிருந்து இல்லை. தவறவிட்டால் டிரைவிங் லைசென்ஸுக்கே ஆபத்து.

கார்லண்ட் அப்பா:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் மகன் வழக்கு வேறு மாதிரி. டி.எச்.சி. (கஞ்சாவில் உள்ள போதைப்பொருள்) வேப் பேனாவோடு பிடிபட்டான். கஞ்சாவை இலையாக இரண்டு அவுன்ஸுக்குள் வைத்திருந்தால் மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். ஆனால் அந்தப் பேனாவுக்குள் இருக்கும் எண்ணெய் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் டெக்சஸில் அது ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

அவனும் ஆன்லைனில் ஒரு 8 மணி நேர "சப்ஸ்டன்ஸ் அவேர்னஸ்" வகுப்பை முடித்துச் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினான். புரொபேஷன் ஆபீசர் முழுதாகக்கூடப் படிக்கவில்லை, உரிம எண் எங்கே என்று மட்டும் கேட்டார். கடைசியில் 15 மணி நேர வகுப்பை முதலிலிருந்து உட்கார வேண்டியதாயிற்று.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொது வகுப்பு முழுக்க வீண் போகவில்லை. வழக்கு முடிவதற்கு முன்னாலேயே பையன் தானாகப் போய் எடுத்தான் என்று எங்கள் வக்கீல் அரசுத் தரப்பு வக்கீலிடம் காட்டினார், பேச்சுவார்த்தைக்கு உதவியது. கோர்ட் தாளிலேயே வகுப்பின் பெயர் இல்லாமல் "8 மணி நேர விழிப்புணர்வு வகுப்பு" என்று பொதுவாக எழுதியிருந்தாலும் அது போதுமானதாக இருக்கலாம். உங்கள் தம்பிக்குப் பெயரோடு எழுதிவிட்டார்கள், அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிளேனோ அக்கா:

ரொம்ப நன்றி. தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன், பெயர் நீங்கள் சொன்ன அதே பெயர்தான். முதல் இணையதளத்தில் கடைசி வரை தேடிவிட்டேன், உரிம எண்ணே இல்லை. அடியில் சின்ன எழுத்தில் "உங்கள் கோர்ட்டிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்" என்று மட்டும் இருக்கிறது.

இன்னொரு குழப்பம். தம்பிக்குப் படிப்பு முடிந்து நியூ ஜெர்சியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அங்கேயும் 12 மணி நேர வகுப்பு உண்டாம். அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமா? ஆன்லைன் என்றால் ஜூம் வகுப்பு மட்டும்தான் செல்லுமா?

பழைய மாணவன்:

நியூ ஜெர்சியில் இருப்பது ஐ.டி.ஆர்.சி. என்ற வேறு ஏற்பாடு, அந்த மாநில வழக்குகளுக்காக நடப்பது. இரண்டும் 12 மணி நேரம்தான், ஆனால் சட்டம் வேறு, சான்றிதழ் வேறு. டெக்சஸ் தாளை டெக்சஸிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் நிம்மதி. வீடு மாறுவதற்கே ஆபீசரின் அனுமதி வேண்டும், அதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

2021-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு டெக்சஸில் இந்த வகுப்புகளை ஆன்லைனில் நடத்தலாம். ஆனால் ஆன்லைன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வகை வருகிறது. ஒன்று, ஆசிரியர் எதிரே இருக்க, கேமராவைப் போட்டுக்கொண்டு எல்லோரும் உட்காருவது. இன்னொன்று, நாமே பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிப்பது. எது செல்லும் என்று நானோ வகுப்பு நடத்துகிறவரோ சொல்லக் கூடாது. உங்கள் ஆபீசர்தான் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில்.

தம்பியை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். டி.டி.எல்.ஆர். இணையதளத்தில் உரிமத்தைத் தேடும் பக்கம் இருக்கிறது. அங்கே அந்த ஜூம் வகுப்பு நடத்துகிறவரின் பெயரைப் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா, அது இந்த வகுப்புக்கான உரிமம்தானா என்று பார்க்கட்டும். பிறகு ஆபீசருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல். வழக்கு எண், நிபந்தனைத் தாளில் உள்ள வரி, வகுப்பு நடத்துகிறவரின் பெயர், உரிம எண், நேரலையா இல்லையா, எந்தத் தேதியில் தொடங்குகிறது. "பணம் கட்டுமுன் உங்கள் சம்மதம் வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி. போனில் சரி என்றால் போதாது. ஆபீசர் மாறிவிட்டால் போன் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

அப்புறம் பெயர். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். தம்பியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதா? அப்படியென்றால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. ("முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்திருப்பார்கள். கோர்ட் தாளில் அது ஒரு மாதிரி, லைசென்ஸில் அப்பா பெயரோடு இன்னொரு மாதிரி இருக்கும். வகுப்பில் பதியும்போது கோர்ட் தாளில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து கொடுக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போடுவதும் பின்னால் போடுவதும்கூட மாறக் கூடாது. வழக்கு எண்ணையும் சேர்த்துக் கொடுக்கட்டும். சான்றிதழில் ஒரு பெயர், வழக்கில் ஒரு பெயர் என்றால், முடித்தது நீங்கள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

ஹூஸ்டன் வழக்கறிஞர்:

நான் இங்கே வக்கீலாக இருக்கிறேன். உங்கள் தம்பியின் வழக்கைப் பார்க்காமல் ஆலோசனை சொல்ல முடியாது, பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

வகுப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள், விசாவைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லையே. அதுதான் எனக்கு உறுத்துகிறது. மது குடித்து வண்டி ஓட்டியதாகக் கைது ஆனாலே, தண்டனைக்குக் காத்திருக்காமல் விசா முத்திரையை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் வெளியுறவுத் துறையில் இருக்கிறது. அப்படி ரத்தானால், ஊருக்குப் போனவர் திரும்பி வர மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். விசா அதிகாரி குறித்துக் கொடுத்த மருத்துவரிடம் பரிசோதனைக்கும் போக வேண்டியிருக்கும். 2025 ஏப்ரலில் சின்னச் சின்ன வழக்குகளுக்காகக்கூட ஏராளமான மாணவர்களின் செவிஸ் (அரசு வைத்திருக்கும் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) பதிவுகளை நிறுத்திவிட்டு, வழக்குகள் குவிந்த பிறகு திரும்பக் கொடுத்தார்கள். அதனால் குடியேற்றச் சட்டம் மட்டும் பார்க்கும் வக்கீல் ஒருவரைத் தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு முன் இந்தியாவுக்கு டிக்கெட் போட வேண்டாம்.

கார்லண்ட் ஐயாவுக்கும் ஒன்று. போதைப்பொருள் வழக்கு குடிமகன் அல்லாதவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு கடுமை. தண்டனையை நிறுத்திவைத்து, வகுப்பு முடித்தால் வழக்கு தள்ளுபடி என்று மாநிலக் கோர்ட் சொன்னாலும், நடுவில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். ஒப்புக்கொள்ளும் முன் இதைச் சொல்ல வேண்டியது குற்றவியல் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் பாடில்லா வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் சொன்னாரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அருவி:

நான் அந்த 12 மணி நேர வகுப்பில் உட்கார்ந்தவள், நேரலையில். ஜூமா, தானே படிப்பதா என்று இரண்டும் செல்லுபடியாகும் நிலை வந்தால், தயவுசெய்து தம்பியை ஜூமில் உட்கார வையுங்கள்.

எங்கள் ஆசிரியர் முதல் நாள் ஒரு வெற்று டம்ளரைக் கேமரா முன் வைத்து, "வீட்டில் நீங்கள் ஊற்றும் ஒரு டிரிங்க் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்றார். அவரவர் வீட்டில் இருந்ததில் ஊற்றி, பிறகு அளந்து பார்த்தோம். இங்கே ஒரு டிரிங்க் என்றால் விஸ்கியில் ஒன்றரை அவுன்ஸ், பீரில் 12 அவுன்ஸ், ஒயினில் 5 அவுன்ஸ். எல்லாவற்றிலும் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 14 கிராம். நான் ஊற்றியது கிட்டத்தட்ட இரண்டு டிரிங்க். ரெண்டே ரெண்டுதான் குடித்தேன் என்று போலீஸிடம் சொன்னது எனக்குப் பொய்யாகத் தோன்றவே இல்லை, ஆனால் உடம்புக்குள் போனது நாலு. உடம்பு ஏறக்குறைய மணிக்கு ஒன்று என்றுதான் எரிக்கும், காபி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் மாறாது. நம் வீட்டுப் பார்ட்டிகளில் அளந்து ஊற்றுகிறவர் யார்? இதைத் திரையில் படித்திருந்தால் அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருப்பேன்.

வகுப்பு தவிர, குடிப்பழக்கம் எந்த அளவு என்று பார்க்கும் மதிப்பீடு ஒன்றும் புரொபேஷனில் நடக்கும். அதில் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். பழக்கம் அதிகம் என்று தெரிந்தால் ஆலோசனைக்கு அனுப்புவார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்த ஆலோசகர்தான் இன்றுவரை துணை. ஊரில் அப்பா அம்மாவுக்குச் சொல்வதைப் பற்றியும் தம்பி அங்கே பேசலாம்.

பிளேனோ அக்கா:

எல்லோருக்கும் நன்றி. அருவி, நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முதல் இணையதளத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

ஜூம் வகுப்புக்காரரின் உரிமம் நடப்பில் இருக்கிறது, அதே வகுப்புக்கான உரிமம்தான். ஆபீசருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். நேரலை வகுப்பு ஏற்றுக்கொள்ளப்படும் என்று ஒரே வரியில் பதில் வந்தது, அதை அச்சடித்து ஃபைலில் வைத்துவிட்டேன். தாளில் பெயர் எஃப்.என்.யூ. என்றுதான் ஆரம்பிக்கிறது, அப்படியே பதிந்தாயிற்று. குடியேற்ற வக்கீலிடமும் நேரம் வாங்கியிருக்கிறோம். டிசம்பரில் ஊருக்குப் போகும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஏன் வரவில்லை என்று அம்மா கேட்பார்கள், அதற்கு முன் தம்பியே போன் பண்ணிச் சொல்வதாக இருக்கிறான்.

பழைய மாணவன்:

நல்லது அக்கா. சான்றிதழ் வந்ததும் அதில் பெயர், வழக்கு எண், சான்றிதழ் எண் மூன்றையும் சரிபாருங்கள். ஆபீசருக்கு அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாதீர்கள். நகல் ஒன்று வக்கீலிடமும் இருக்கட்டும். அடுத்த விசா விண்ணப்பத்தில் கைது ஆனதுண்டா என்று கேட்பார்கள், ஆம் என்றுதான் எழுத வேண்டும். அப்போது இந்தச் சான்றிதழும், வழக்கு முடிந்ததற்கான கோர்ட்டின் சான்றிட்ட நகலும் கூட வைக்கத் தேவைப்படும்.