லாண்டாஃப் பேராலயம்: யார், எந்தப் பதவி, எந்த ஆண்டு?

எழும்பூர்வாசி (கேள்வி):
சென்னையில் பழைய பேராலயங்களைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி ஏற்பாடாகிறது. வேல்ஸின் கார்டிஃப் நகரிலுள்ள லாண்டாஃப் பேராலயத்துக்கு இரண்டு பலகைகள். ஒன்றில் ஆட்கள், மற்றொன்றில் நிறுவனங்கள். எழுதும் பொறுப்பு என்னுடையது.

ஆட்கள் பட்டியல் இப்போதைக்கு இது: புனித டஃப்ரிக், புனித தெய்லோ, பிஷப் அர்பன், பைபிளை வெல்ஷில் தந்த பிஷப் வில்லியம் மார்கன், பிஷப் ரிச்சர்ட் வாட்சன், டீன் கானிபியர், சிற்பி எப்ஸ்டைன், எழுத்தாளர் ரோல்டு டால், நம்ம ஊர் கவர்னர் எலிஹு யேல். நிறுவனங்கள்: கதீட்ரல் ஸ்கூல், ஹவல்ஸ் ஸ்கூல், செயின்ட் மைக்கேல்ஸ் காலேஜ்.

மூன்று சந்தேகங்கள். டீன்கள் வரிசை 1843இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் பேராலயத்தை நடத்தியது யார்? இந்தப் பட்டியலில் யாரை எடுக்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும்? பணம் கட்டாமல் சென்னையிலிருந்தே இதையெல்லாம் சரிபார்க்க வழி உண்டா?

வேப்பேரி வாசகர்:
முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பிஷப்பின் அதிகாரம் மறைமாவட்டம் முழுவதற்கும். டீனும், அவரோடு சேர்ந்த கேனன்கள் (பேராலயக் குருமார்) குழுவான சாப்டரும் பார்ப்பது பேராலயக் கட்டடம், அதன் வழிபாடு, அதன் சொத்து. ஆர்ச்டீகன் மறைமாவட்டத்தின் ஒரு பகுதிக்கு நிர்வாகி. இங்கிலாந்துப் பேராலயங்கள் பலவற்றில் இப்படித்தான்.

லாண்டாஃபில் இடைக்காலத்துக்குப் பிறகு 1840 வரை டீன் என்ற பதவியே கிடையாது. சாப்டரில் ஆர்ச்டீகன் முதல்வராக இருந்தார், பிஷப்புக்கும் அங்கே இடம் இருந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டம்தான் டீன் பதவியை உண்டாக்கியது. 1843இல் வில்லியம் புரூஸ் நைட் முதல் டீன் ஆனார், 1845இல் காலமானார். அடுத்து வந்தவர்தான் உங்கள் பட்டியலில் இருக்கும் வில்லியம் கானிபியர் (1845–57). அதனால் 1840க்கு முந்தைய யாரையாவது "லாண்டாஃப் டீன்" என்று எங்காவது பார்த்தால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொள்ளும் முன் இன்னொரு இடத்தில் சரிபாருங்கள். வேல்ஸின் இன்னொரு பேராலயமான செயின்ட் டேவிட்ஸிலும் பழைய ஏற்பாடு வேறு மாதிரிதான். அங்கே சாப்டரின் தலைவர் பிரிசென்டர் (வழிபாட்டுப் பாடலுக்குப் பொறுப்பான குரு), பிரிட்டிஷ் அரசரே சாப்டரில் ஓர் உறுப்பினர்.

கானிபியரை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அவர் நிலவியல் அறிஞர். பிளீசியோசார் என்ற கடல்வாழ் ஊர்வனத்துக்குப் பெயரிட்டு விவரித்தவர்களில் ஒருவர். மேரி ஆனிங் தோண்டியெடுத்த முழு எலும்புக்கூட்டை 1824இல் லண்டனில் அறிஞர்கள் முன் விளக்கியதும் அவரே. பாதி இடிந்து கிடந்த பேராலயத்தைச் சீரமைக்கும் வேலை வேகமெடுத்ததும் அவர் டீனாக இருந்த காலத்தில்தான்.

வில்லியம் மார்கன் விஷயத்தில் ஆண்டைத் தனியாகப் போடுங்கள். வெல்ஷ் பைபிள் அச்சானது 1588இல். அப்போது அவர் லான்ஹையாடர்-இம்-மோக்நன்ட் என்ற ஊரில் விகார், அதாவது பங்குக் குரு. லாண்டாஃப் பிஷப் ஆனது 1595இல். 1601இல் வடக்கு வேல்ஸின் செயின்ட் ஆசஃப் மறைமாவட்டத்துக்கு மாறி, 1604இல் இறந்தார். "லாண்டாஃப் பிஷப் பைபிளை மொழிபெயர்த்தார்" என்று எழுதினால் படிப்பவர் பேராலயத்தில் உட்கார்ந்து அந்த வேலை நடந்ததாக நினைத்துக்கொள்வார்.

வாட்சன் (1782–1816) இன்னொரு விதம். கேம்பிரிட்ஜில் முதலில் வேதியியல் பேராசிரியர், பிறகு இறையியல் பேராசிரியர். பிஷப்பாக இருந்த காலத்தில் பெரும்பகுதி வாழ்ந்தது லாண்டாஃபிலிருந்து வெகுதூரத்தில், வடக்கு இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில். காரணம் பணம். அந்த மறைமாவட்டத்தின் வருமானம் மிகக் குறைவு. 16ஆம் நூற்றாண்டில் பிஷப் அந்தோனி கிட்சின் பேராலய நிலங்களை மலிவான நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது அதற்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. வருமானம் போதாததால் பின்வந்தவர்கள் கூடவே இன்னொரு பதவியையும் வைத்துக்கொண்டார்கள். எட்வர்ட் கோபிள்ஸ்டன் (1828–49) லாண்டாஃப் பிஷப்பாகவும் லண்டன் செயின்ட் பால்ஸ் டீனாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். அவருக்குப் பின் வந்த ஆல்ஃபிரட் ஒலிவன்ட் (1849–82) லாண்டாஃபிலேயே குடியிருந்தார், வெல்ஷ் பேசினார். ஒலிவன்டை நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பதவி, ஆண்டு, குடியிருந்த ஊர் மூன்றையும் போட்டால் கட்டடம் ஏன் அவ்வளவு சிதைந்தது என்பது பலகையிலேயே விளங்கிவிடும்.

சுண்ணாம்புக்காரை:
கட்டடத்தோடு சேர்ந்த ஆட்களைப் பட்டியலில் விட்டுவிட்டீர்கள். அது பெரிய குறை.

1120இல் பிஷப் அர்பன் பேராலயம் கட்டத் தொடங்கும்போது அங்கே இருந்த பழைய கோயில் 28 அடி நீளம், 15 அடி அகலம், 20 அடி உயரம் என்று 12ஆம் நூற்றாண்டின் சாசனத் தொகுப்பான 'லாண்டாஃப் புத்தகம்' சொல்கிறது. ஒரு பெரிய கூடத்தின் அளவுதான். அர்பன் கட்டியதில் மிஞ்சியிருக்கும் அலங்கார வளைவு பலிபீடத்துக்கும் மாதா சிற்றாலயத்துக்கும் நடுவே இப்போதும் நிற்கிறது. அந்தச் சிற்றாலயம் பிஷப் வில்லியம் டி பிரோஸ் (1266–87) காலத்தது. அவர் கல்லறையும் அதிலேயே.

முகப்பில் இரண்டு கோபுரங்களையும் ஒரே காலத்தவை என்று எழுதிவிடாதீர்கள். வடமேற்குக் கோபுரம் ஏழாம் ஹென்றியின் சித்தப்பா ஜாஸ்பர் டியூடர் எழுப்பியது, 15ஆம் நூற்றாண்டின் கடைசி. பழைய தென்மேற்குக் கோபுரம் 1722இல் சரிந்தது. இப்போது கூர்நுனியோடு 195 அடி, அதாவது சுமார் 59 மீட்டர் உயரத்துக்கு நிற்பது ஜான் பிரிச்சர்டின் வடிவமைப்பு. 1869இல் முடிந்தது.

நடுவில் ஒரு விசித்திரமான கட்டம் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் புகழ்பெற்ற கட்டடங்களை வடிவமைத்த ஜான் வுட், 1734இல் தொடங்கி இடிபாடுகளுக்குள்ளேயே ஓர் இத்தாலியக் கோயில் பாணிக் கட்டடத்தைச் செருகினார். 1752 வரை வேலை இழுத்தது, திட்டம் முழுமையாக நிறைவேறவே இல்லை. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் பிரிச்சர்டு கோதிக் வடிவத்தை மீட்டார். அவருடைய பங்குதாரர் ஜான் செடன் வழியாக ஓவியர் ரொசெட்டி வந்தார். அவர் வரைந்த மூன்று பகுதி ஓவியத்தில் நடுவே இயேசு பிறப்பு, ஒரு பக்கம் மேய்ப்பனான தாவீது, மறுபக்கம் அரசனான தாவீது. முதலில் அது உயர்பீடத்துக்குப் பின்னால் இருந்தது, இப்போது பேராலயத்துக்குள்ளேயே இல்டுட் சிற்றாலயத்தில் இருக்கிறது. பழைய புகைப்படமும் புதியதும் இடம் மாறிக் காட்டுவது இதனால்தான்.

1941 ஜனவரி 2 இரவு பாராசூட்டில் இறங்கிய வெடிகுண்டு தெற்குப் பக்கம் வெடித்தது. நடுக்கூடத்தின் கூரை போயிற்று, ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவி பாழாயிற்று. பிரிட்டிஷ் பேராலயங்களில் இதைவிட மோசமாக அடிபட்டது கோவென்ட்ரி மட்டும்தான் என்பார்கள். மறுகட்டுமானத்தை 1949 முதல் கவனித்தவர் ஜார்ஜ் பேஸ். அவர் பெயர் இல்லாமல் எப்ஸ்டைனை மட்டும் போடுவது நியாயமே இல்லை. இந்தக் கோயிலுக்குக் குறுக்குக் கூடம் கிடையாது. மேற்கு வாசலிலிருந்து கிழக்குக் கோடி வரை ஒரே நீளம். பார்வையை நடுவில் நிறுத்த வேண்டும், ஆனால் சுவர் வைத்து மறைக்கக் கூடாது. அதற்கு பேஸ் கண்ட வழி, கம்பி வைத்த கான்கிரீட்டில் பரவளைவு. அந்த வளைவுகளின் தலையில் ஆர்கனின் ஒரு பகுதியை அடக்கிய உருளை, உருளையின் மேற்கு முகத்தில் எப்ஸ்டைனின் 'மஜெஸ்டாஸ்' கிறிஸ்து. அதன் கீழே நடந்து போகலாம், ஊடே பீடத்தையும் பார்க்கலாம். 1957இல் நடுக்கூடம் மறுபடி வழிபாட்டுக்கு வந்தது.

படம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. லாண்டாஃப் உருவம் அலுமினியம், சாம்பல் வெள்ளி நிறம். பொன்பூசிய அதே உருவம் இணையத்தில் கிடைக்கும். அது நியூயார்க் ரிவர்சைடு சர்ச்சில் இருக்கும் சாந்து வார்ப்பு. பளபளக்கிறதே என்று அதை எடுத்துப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள்.

பாடகர்குழு:
நிறுவனங்கள் பற்றி.

கதீட்ரல் ஸ்கூல்: டீன் சார்லஸ் வாகன் 1880இல் மீண்டும் உயிர்கொடுத்த பள்ளி. பேராலயப் பாடகர் குழுவுக்குப் பிள்ளைகள் இங்கிருந்துதான் வருகிறார்கள். ரோல்டு டால் 1923 முதல் 1925 வரை படித்தார். இன்றைய பள்ளிக் கட்டடத்தைக் காட்டி "டால் படித்த இடம்" என்று எழுதினால் தவறு. அவர் காலத்தில் பள்ளி பேராலயப் புல்வெளியை ஒட்டி இருந்தது. முன்பு பிஷப் மாளிகையாக இருந்த இப்போதைய கட்டடத்துக்கு அது மாறியது 1950களின் இறுதியில்.

ஹவல்ஸ் ஸ்கூலைப் பட்டியலிலிருந்து எடுங்கள், அல்லது "அக்கம்பக்கம்" என்று தனியாகப் போடுங்கள். வணிகர் தாமஸ் ஹவல் 1537இல் எழுதிய உயிலின் பணத்தில், லண்டன் டிரேப்பர்ஸ் கம்பெனி 1860இல் திறந்த பெண்கள் பள்ளி அது. இடம் லாண்டாஃப், ஆனால் பேராலயத்தின் நிறுவனம் அல்ல.

செயின்ட் மைக்கேல்ஸ்: குருமார் பயிற்சிக் கல்லூரி. 1892இல் அபர்டேரில் தொடங்கி 1907இல் லாண்டாஃபுக்கு வந்தது. அதன் சிற்றாலயத்தைக் கட்டியவரும் ஜார்ஜ் பேஸ்தான். ஆக இரண்டு பலகைகளையும் இணைக்க அவரே போதும். 2016 முதல் பயிற்சிப் பணி செயின்ட் படார்ன்ஸ் என்ற பெயரில் நடக்கிறது.

ஆர்கனுக்கு நான்கு வரி கொடுங்கள். 1941 குண்டுக்குப் பின் வைத்த ஆர்கனை 2007 பிப்ரவரியில் மின்னல் கெடுத்தது. மால்வெர்ன் ஊர் நிக்கல்சன் நிறுவனம் முழுக்கப் புதிதாகச் செய்த ஆர்கன் 2010இல் ஒலிக்கத் தொடங்கியது. யூடியூபில் பழைய பதிவு கேட்டு "இதுதான் லாண்டாஃப் ஆர்கன்" என்று இணைப்பு கொடுப்பதற்கு முன் பதிவான ஆண்டைப் பாருங்கள்.

கோட்டைப் பதிவேடு:
சரிபார்ப்புக்கு முதலில் வேல்ஸ் தேசிய நூலகம். அபெரிஸ்ட்வித் ஊரில் இருக்கிறது. வேல்ஸ் திருச்சபையின் ஆவணங்களும் 'லாண்டாஃப் புத்தகத்தின்' கையெழுத்துப் பிரதியும் அங்கேதான். 1858க்கு முன் வேல்ஸின் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவான உயில்கள் படத்தோடு இலவசமாகத் திறக்கும். பழைய வெல்ஷ் பத்திரிகைகளும் 1919 வரை இலவசம். 1540 முதல் 1835 வரையிலான குருமார்களுக்கு, இங்கிலாந்து வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து, குருமார் தரவுத்தளம் ஒன்று இணையத்தில் இருக்கிறது.

தேடும்போது சறுக்கும் இடங்கள்:

பெயர். பழைய வெல்ஷ் பெயர் நம் இனிஷியல் மாதிரி, அப்பா பெயர் பிள்ளைக்கு ஒட்டும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 'ஆப் ரைஸ்' பிரைஸ் ஆகும், 'ஆப் ஹவல்' பவல் ஆகும். ஒரே ஆளை இரண்டு வடிவிலும் தேட வேண்டும். பிஷப்புகள் குடும்பப் பெயரை விட்டுவிட்டு மறைமாவட்டத்தின் பெயரில் கையெழுத்திட்டார்கள். வாட்சனுடைய கடிதம் "ஆர். லாண்டாஃப்" என்று முடியும். வாட்சன் என்று தேடினால் அது அகப்படாது.

தேதி. 1751 வரை ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். மூல ஆவணத்தில் 1688 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1689. செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவேடுகளிலும் இதே வழக்கம். பலகையில் 1688/89 என்று இரண்டையும் போடுவது நல்லது.

எல்லை. மன்மத் மறைமாவட்டம் 1921இல்தான் லாண்டாஃபிலிருந்து பிரிந்தது. அதனால் அதற்கு முந்தைய நியூபோர்ட் குருவானவரின் தாள்கள் லாண்டாஃப் ஆவணக் கட்டுகளுக்குள் கிடக்கும்.

பழைய புனிதர்கள். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். டஃப்ரிக் முக்கியமாக எர்கிங் பகுதியைச் சேர்ந்தவர், அது இன்று இங்கிலாந்தின் ஹெரஃபர்டு பக்கம். தெய்லோவின் தலைமைக் கோயில் லாண்டெய்லோ ஃபாவர். இருவரையும் லாண்டாஃபின் முதல் பிஷப்புகளாக நிறுத்தியது 12ஆம் நூற்றாண்டு. செயின்ட் டேவிட்ஸ், ஹெரஃபர்டு மறைமாவட்டங்களோடு எல்லைத் தகராறு நடந்தபோது, தன் உரிமையை நிறுவ அர்பன் தரப்பு பழைய சாசனங்களைத் தொகுத்து, திருத்தி, 'லாண்டாஃப் புத்தகம்' ஆக்கியது. 1120இல் டஃப்ரிக்கின் எலும்புகளை என்லி தீவிலிருந்து கொண்டுவந்ததும் அந்த முயற்சியோடு சேர்ந்தது. ஆகவே "6ஆம் நூற்றாண்டு பிஷப்" என்று எழுதாமல் "பேராலயம் தன் நிறுவனராகப் போற்றும் புனிதர்" என்று எழுதுங்கள்.

எழும்பூர்வாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹவல்ஸை எடுத்துவிட்டேன். பிரிச்சர்டு, பேஸ், ஒலிவன்ட் மூவரும் உள்ளே. யேல் மட்டும் மிச்சம். சென்னைப் பார்வையாளர்களுக்கு அவர் ஒரு கொக்கி. வைத்துக்கொள்ளலாமா?

கோட்டைப் பதிவேடு:
லாண்டாஃப் பலகையில் வேண்டாம். யேல் குடும்பம் வடகிழக்கு வேல்ஸ், லாண்டாஃப் தெற்கு. அவர் கல்லறை இருப்பது ரெக்ஸம் செயின்ட் ஜைல்ஸ் கோயிலில். அது பங்குக் கோயில், பேராலயம் அல்ல. அது சேர்ந்த மறைமாவட்டம் செயின்ட் ஆசஃப். இறந்தது லண்டனில், 1721 ஜூலையில்.

சென்னைத் தொடர்பு வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறு அட்டை வையுங்கள்: கோட்டை செயின்ட் மேரீஸ் ஆலயம் 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணிக்கப்பட்டது, அதன் பதிவேட்டில் முதல் திருமணம் 1680 நவம்பர் 4, மணமகன் யேல், மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ். கவர்னராக இருந்தது 1687–92. வில்லியம் மார்கனும் கடைசியில் செயின்ட் ஆசஃபுக்குத்தானே போனார்? அந்த மறைமாவட்டத்துக்கு என்று ஓர் அட்டை போட்டால் இரண்டு பேரும் அதில் சரியாக உட்காருவார்கள்.

வேப்பேரி வாசகர்:
கூட ஒன்று. பலகையில் "வேல்ஸ் ஆர்ச்பிஷப்பின் பேராலயம்" என்று போட்டுவிடாதீர்கள். 1920இல் வேல்ஸ் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்தபின் ஆர்ச்பிஷப் பதவிக்கு நிலையான ஊர் கிடையாது. பதவியிலிருக்கும் பிஷப்புகளில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் தன் மறைமாவட்டத்திலேயே இருப்பார். முதல் ஆர்ச்பிஷப் செயின்ட் ஆசஃப்காரர். லாண்டாஃபின் கிளின் சைமன் 1968–71, பாரி மார்கன் 2003–17. இதில் கிளின் சைமன் 1948 முதல் 1953 வரை அதே லாண்டாஃபில் டீன், 1957 முதல் பிஷப். அவர் பெயரைப் போடும் இடத்தில் எல்லாம் அந்த ஆண்டில் எந்தப் பதவி என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.