பி.காம் முடித்துவிட்டு சினிமாவில் முதுகலை: தகுதி, தேர்வு, பாடம் எல்லாம் எப்படி?

மன்னைவாசி:
வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். ப்ளஸ் டூவில் வணிகவியல் குரூப், இப்போது பி.காம் கடைசி செமஸ்டர், தமிழ்வழி. ஒலிப்பதிவு அல்லது டைரக்‌ஷனில் முதுகலை படிக்க ஆசை. புனே, கொல்கத்தாவில் இருக்கும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகளுக்கு என் படிப்பு போதுமா? சென்னை தரமணியில் இருக்கும் மாநில அரசின் திரைப்படக் கல்லூரியில் சேரலாமா? நுழைவுத்தேர்வில் என்ன கேட்பார்கள், உள்ளே போனால் என்ன பாடம்? கையில் இருப்பது ஒரு போனும் பழைய லேப்டாப்பும்தான்.

குடமுருட்டி:
தம்பி, முதலில் துறையை முடிவு பண்ணுங்கள். தகுதி விதி துறைக்குத் துறை மாறும். புனேயில் டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங் மூன்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஒலிப்பதிவுக்கு மட்டும் பட்டத்தோடு ப்ளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். வணிகவியல் குரூப் என்றால் அங்கேயே நின்றுவிடும். கொல்கத்தா அறிவிப்பிலும் இந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கலை இயக்கத்துக்கு ஓவியம், சிற்பம், கட்டடக்கலை மாதிரிப் பட்டம் கேட்பார்கள். ஆகவே உங்களுக்கு டைரக்‌ஷன் அல்லது எடிட்டிங். ஒலியில் இவ்வளவு ஆர்வம் இருந்தால் எடிட்டிங் நல்ல தேர்வு என்பேன். அந்த மேசையில் பாதி வேலை காதுக்குத்தான்.

தரமணி எம்.ஜி.ஆர் நிறுவனத்தில் இருப்பது ப்ளஸ் டூவுக்குப் பிறகு சேரும் 4 வருட இளங்கலை. பி.காம் முடித்தவர் அங்கே போனால் மறுபடி இளங்கலைதான். புனே, கொல்கத்தாவில் முக்கியத் துறைகள் 3 வருடம். எம்.ஏ என்ற பெயரே வேண்டுமென்றால் டெல்லி ஜாமியாவின் 2 வருட மாஸ் கம்யூனிகேஷன் உண்டு. 1982இல் தொடங்கிய மையம். கேமரா, ஒலி, எடிட்டிங் எல்லாவற்றையும் கையால் செய்ய வைப்பார்கள், ஆனால் ஒரே துறையில் ஆழம் கிடைக்காது.

கடைசி வருட மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் குறித்த தேதிக்குள் மதிப்பெண் பட்டியல் தர வேண்டும். ஒரு அரியர் இருந்தாலும் சீட் போகும். இந்த செமஸ்டரை அலட்சியம் பண்ணாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் பி.சி / எம்.பி.சி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி (இதர பிற்படுத்தப்பட்டோர்), கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள், மாநிலப் பட்டியலும் அதுவும் ஒன்றல்ல. அந்தப் பிரிவைத் தீர்மானிக்கும் ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, நிலத்துக்குத் தனி வரம்பு உண்டு. "நமக்கு வயல் இருக்கே, கிடைக்காது" என்று கேட்காமலே விட்டுவிடாதீர்கள். தாலுகா ஆபீஸில் நாள் இழுக்கும், அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். தேதி பழையதானாலும் நிராகரிப்பார்கள்.

நிழல்வெளி:
தேர்வு பற்றி. எழுத்துத் தேர்வில் ஒரு பகுதி கொள்குறி வகை: பொது அறிவு, சினிமா, கலை, துறை சார்ந்த அடிப்படை. இன்னொரு பகுதி விரித்து எழுதுவது. ஒரு சூழலைக் கொடுத்து காட்சி எழுதச் சொல்வார்கள், பார்த்த படத்தை அலசச் சொல்வார்கள். தமிழில் எழுத வழியில்லை. அதற்காக ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். தினம் ஒரு பக்கம், சின்ன வாக்கியங்களில், கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள். "அவன் சோகமாக இருந்தான்" என்று எழுதினால் அது காட்சி ஆகாது. அவன் கை என்ன செய்தது என்று எழுதினால் காட்சி.

எழுத்தில் தேறினால் பயிற்சி முகாம், நேர்காணல். ஊரைப் பற்றிக் கேட்டால் பெரிய கோயில், நெற்களஞ்சியம் என்று பொதுவாகச் சொல்லி முடிக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்கும் அந்த இரவில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது என்று சொல்ல முடிந்தால் அதற்குள்ளேயே ஒரு படம் இருக்கிறது.

உள்ளே போனால் முதல் வருடம் சினிமா வரலாறு, திரையிடல், எல்லாத் துறைகளின் அடிப்படை. பிறகு பயிற்சிப் படங்கள்: கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி), வசனக் காட்சி, பாடல், ஆவணப்படம். கடைசியில் டிப்ளமோ படம். டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்துதான் ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். ஒருவர் இழுத்தால் நால்வரின் வேலையும் நிற்கும்.

ஒலிக்குறிப்பு:
போன் போதும், இரண்டு தப்பை மட்டும் தவிர்த்தால். ஒன்று, டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிப்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் பூட்டி, நொடிக்கு 25 பிரேம் வையுங்கள். இரண்டு, தனியாகப் பதிந்த ஒலி போகப்போக உதட்டை விட்டு விலகுவது. போன் பிரேம் வேகத்தைத் தானாக மாற்றிக்கொள்வதுதான் காரணம். எடிட் செய்யும் முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு மாறாத வேகத்துக்கு மாற்றுங்கள்.

ஒலிக்கு இன்னொரு போனைப் பேசுபவரின் சட்டைப்பைக்கு அருகே வையுங்கள், பதிவு அமைப்பில் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ஷாட் தொடங்கும்போது ஒரு கைதட்டல், இரண்டையும் ஒட்ட அதுதான் அடையாளம். முடிந்ததும் யாரும் பேசாமல் 30 வினாடி அந்த இடத்தின் சும்மாச் சத்தம். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி அறுந்து கேட்கும். பம்புசெட் ஓடும்போது வசனம் எடுக்காதீர்கள், பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது.

மன்னைவாசி:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். எடிட்டிங்குக்கே போடுகிறேன். ஒரு சந்தேகம்: எனக்குச் சிவப்பு, பச்சை கொஞ்சம் குழம்பும். அது தடையா?

குடமுருட்டி:
முன்பு தடைதான். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் புனே நிறுவனத்தின் வழக்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது: நிறப் பார்வைக் குறைபாட்டைக் காட்டி அங்கே எந்தப் படிப்பிலும் நிராகரிக்கக் கூடாது. அந்த வழக்கும் எடிட்டிங் சீட்டுக்காகப் போட்டதுதான். தயங்காமல் போடுங்கள் தம்பி.