ஃபாரஸ்டரா, ராவ்4 ஹைப்ரிடா? பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிற வண்டிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

மேட்டுவீடு எழுதியது:

எங்கள் பழைய செடான் 14 வருடம் உழைத்துவிட்டது, இனியும் அதை விரட்டுவது பாவம். வண்டியை அடிக்கடி மாற்றுகிற ஆட்கள் இல்லை நாங்கள். ஒன்றை வாங்கினால் அது ஓய்ந்து போகும்வரை வைத்திருப்போம். பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு ஒன்றரை, கூடவே என் மாமியார். அவருக்கு முழங்கால் வலி, தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். வீடு ஒரு சரிவின் உச்சியில் இருக்கிறது. கடைசி முக்கால் கிலோமீட்டர் மண் பாதை, மழை பெய்தால் முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றும், நான் இறங்கித் தள்ள, மனைவி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள். அதனால்தான் நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் (ஏ.டபிள்யூ.டி.).

இப்போது கையில் இரண்டு வண்டிகள். இரண்டும் 2021 மாடல், கிட்டத்தட்ட ஒரே ஓட்டம், ஒரே விலை. ஒன்று சுபாரு ஃபாரஸ்டர் 2.5 பெட்ரோல், இன்னொன்று டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட் ஏ.டபிள்யூ.டி. வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் ஓட்டுவோம். எனக்குப் பயம் ஹைப்ரிட் பேட்டரி, மனைவிக்குப் பயம் ஃபாரஸ்டரின் சிவிடி கியர்பாக்ஸ், அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறுகிற தானியங்கி கியர். ஆளுக்கொரு பயத்தோடு மூன்று வாரமாக ஒரு முடிவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். சொந்தமாக வைத்து ஓட்டியவர்கள் சொன்னால் நல்லது, விளம்பரத்தில் படித்ததை நானே படித்துக்கொள்வேன்.

ஸ்பேனர் எழுதியது:

இருபது வருடமாகக் காருக்கு அடியில் படுத்தே வாழ்கிறவன், அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயம். ஹைப்ரிட் என்றால் உடைய இன்னும் நிறைய பாகங்கள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். ராவ்4 ஹைப்ரிடில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, அதைச் சுற்றும் பெல்ட்டும் இல்லை. ‘இ-சிவிடி’ என்று எழுதியிருப்பார்கள், பெயரில் மட்டும்தான் சிவிடி, உள்ளே இருப்பது கிரக கியர் தொகுதியும் இரண்டு மோட்டார்களும். வழுக்குகிற பெல்ட்டோ சங்கிலியோ கிடையாது. வேகம் குறையும்போது மோட்டாரே பாதி வேலையைச் செய்துவிடுவதால் பிரேக் பேடுகள் நம்ப முடியாத அளவுக்கு உழைக்கும். பேட்டரிக்கு அமெரிக்காவில் 2020 மாடலிலிருந்து 10 வருடம் அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். உங்கள் நாட்டில் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு இடம் பார்க்க வேண்டும். பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பில் தண்ணீரும் உப்பும் தேங்கி அரித்துவிடும் பிரச்சினை இந்தத் தலைமுறை வண்டிகளில் வந்தது. பனிக்கு உப்பு தூவுகிற சாலைகளில்தான் அதிகம். டொயோட்டாவே அந்தப் பாகத்துக்கு சில நாடுகளில் உத்தரவாதத்தை நீட்டியது. வாங்கும் முன் லிஃப்ட்டில் ஏற்றி, பின் அச்சருகே அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் மனைவியின் பயம். அது பாதி நியாயம். சுபாருவின் சிவிடி சங்கிலியில் ஓடுவது. மோசமான சாமான் இல்லை, ஆனால் எண்ணெய் மாற்றாமல் விட்டால் சீக்கிரம் கிழடாகும். ‘ஆயுளுக்கும் போதும்’ என்று யாராவது சொன்னால் யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள். நான் 60,000, 70,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். பாக்ஸர் இன்ஜின் படுத்த வாக்கில் இருப்பதால் வண்டியின் எடை கீழே நிற்கிறது, வளைவில் அதன் சுகமே தனி. அதே காரணத்தால் ஸ்பார்க் பிளக் இரு பக்கமும் சட்டத்தை ஒட்டி ஒளிந்திருக்கும், மாற்றக் கை நுழையாது, அதற்குக் கூலி கூடும். இன்னொன்று, ஃபாரஸ்டர் நேரடி எரிபொருள் செலுத்தும் இன்ஜின், நாள்பட வால்வின் பின்னால் கரி படியும். ராவ்4 இன்ஜினில் நேரடி ஊசியோடு வால்வுக்கு முன்னால் தெளிக்கும் ஊசியும் இருக்கிறது, அது வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். பதினைந்து வருடக் கணக்கில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஃபாரஸ்டரை யாராவது புதுப் பையனிடம் ஆயில் மாற்றக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். இன்ஜின் ஆயில் திருகு என்று நினைத்து கியர்பாக்ஸ் எண்ணெயைத் திறந்து விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். மேலே பழைய ஆயிலோடு புது ஆயிலும் சேர்ந்து நிற்கும், கீழே கியர்பாக்ஸ் வறண்டு கிடக்கும்.

சேற்றுச்செருப்பு எழுதியது:

ஒன்பது வருடமாக ஃபாரஸ்டர், இதற்கு முந்தைய தலைமுறை. கியர்பாக்ஸ் பற்றி ஸ்பேனர் அண்ணா சொல்லிவிட்டார், நான் டயரைப் பற்றிச் சொல்கிறேன். ஆல் வீல் டிரைவ் வாங்கும்போது எல்லோரும் மறக்கிற விஷயம் அதுதான்.

ஃபாரஸ்டரில் முன்னும் பின்னும் இயந்திர ரீதியாக இணைந்தவை. சாதாரணமாக 60க்கு 40 என்று சக்தி பிரிந்து போகும், நடுவில் ஒரு பலதட்டு கிளட்ச் அந்தப் பங்கை மாற்றிக்கொண்டே இருக்கும். நான்கு டயரும் ஒரே சுற்றளவு இருந்தால்தான் அந்த கிளட்சுக்கு ஓய்வு. வாங்கிய மூன்றாம் வருடம் ஒரு கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்தவை. கடைக்காரர் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு அனுப்பினார், நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திக்கியது. புது டயருக்கும் பழையதற்கும் உயரம் வேறு, அதனால் கிளட்ச் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான்கும் புதிதாக மாற்றினேன், திக்கல் போனது. ஒரு டயர் கிழிந்தால் நான்கு டயர் காசு என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டேன். இப்போது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுகிறேன், தேய்மானத்தை அளவுகோல் வைத்துப் பார்க்கிறேன்.

ராவ்4 ஹைப்ரிடில் முன்னிலிருந்து பின்னுக்குத் தண்டே கிடையாது. பின்சக்கரத்தை ஓட்ட தனியாக ஒரு மின்மோட்டார். அதனால் இந்தத் தலைவலி அதில் வெகு குறைவு.

அதற்காக ஃபாரஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மண் சரிவில் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் வழுக்குகிற பாதைக்கான எக்ஸ்-மோடும் இருக்கிற நிம்மதி வேறு. இறக்கத்தில் அதுவே பிடித்துப் பிடித்து இறக்கும், பிரேக்கில் கால் வைக்க வேண்டியதில்லை. அப்புறம் ஜன்னல்! உள்ளிருந்து வெளியே இவ்வளவு தெளிவாகத் தெரியும் வண்டி இந்த அளவில் அதிகம் இல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றத்தில் பின்னால் எடுக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

குட்டித்தூக்கம் எழுதியது:

மூன்று குழந்தைகள், ராவ்4 ஹைப்ரிட், ஆறாவது வருடம். பெட்ரோல் கணக்கு யாரும் போடவில்லையே. அமெரிக்க அரசு சோதனைக் கணக்கில் ராவ்4 ஹைப்ரிட் ஏ.டபிள்யூ.டி. கலந்த ஓட்டத்தில் கேலனுக்கு 40 மைல், அந்தத் தலைமுறை ஃபாரஸ்டர் 29 மைல். லிட்டருக்கு 17 கிலோமீட்டர், 12.3 கிலோமீட்டர் என்று வரும். வருடம் 20,000 ஓட்டினால் ஒன்று 1,180 லிட்டர் குடிக்கும், மற்றது 1,630 லிட்டர். வருடத்துக்கு 450 லிட்டர் வித்தியாசம், பதினைந்து வருடத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நீண்ட நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் வித்தியாசம் சுருங்கும், ஊருக்குள் என்றால் இன்னும் விரியும்.

பேட்டரியைக் கொல்வது வயது மட்டும் இல்லை, பின்சீட்டும்தான். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதற்குக் காற்று இழுக்கும் துளைகள் சீட்டின் கீழ்ப்பகுதியில். என் நடுவன் அதில் போர்வையைத் திணித்து வைத்திருந்தான், விசிறி ஓவென்று இரைந்ததும்தான் கண்டுபிடித்தோம். அந்தத் துளைக்கு உள்ளே ஒரு வடிகட்டி உண்டு, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். பிஸ்கட் தூள், முடி, கிரையான் துண்டு என்று ஒரு குடித்தனமே இருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் இன்ஜின் கத்துகிற கத்தில் பின்னால் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். உங்கள் சரிவில் தினமும் கேட்பீர்கள்.

டயர்கடை மாணவன் எழுதியது:

எல்லோரும் எதை வாங்கலாம் என்கிறீர்கள், நான் சண்டைக்கு வருகிறேன். முக்கால் கிலோமீட்டர் மண்ணுக்காக பதினைந்து வருடம் இரண்டு அச்சையும் சுமக்க வேண்டுமா? நல்ல டயர் போட்ட முன்சக்கர வண்டி, வழுக்கை டயர் போட்ட ஆல் வீல் டிரைவை ஏற்றத்தில் தோற்கடிக்கும், நானே பார்த்தது. ஆல் வீல் டிரைவ் கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. ஈரமான இறக்கத்தில் ‘என்னிடம் ஏ.டபிள்யூ.டி. இருக்கிறது’ என்ற தைரியத்தில் வேகமாக வருகிறவர்கள்தான் பள்ளத்தில் கிடக்கிறார்கள்.

சேற்றுச்செருப்பு எழுதியது:

தம்பி, டயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவர் இறங்கித் தள்ளுகிறாரே, படிக்கவில்லையா? பிள்ளைகளையும் முட்டி வலிக்காரரையும் உள்ளே வைத்துக்கொண்டு மழையில் தள்ளுகிறவரிடம் போய் தத்துவம் பேசாதீர்கள்.

டயர்கடை மாணவன் எழுதியது:

சரி, சரி, தள்ளுவதை மறந்துவிட்டேன். அப்படியென்றால் ஏ.டபிள்யூ.டி. எடுங்கள், ஆனால் கடையில் வரும் தார்ச்சாலை டயரை அப்படியே விடாமல் மண்ணுக்கும் ஏற்ற எல்லாக்கால டயராக மாற்றுங்கள்.

மேட்டுவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மனைவி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். திட்டுவதாக எழுதியதற்கு எனக்குத் தனியாக ஒரு திட்டு. ஒரு சந்தேகம். ராவ்4 இன் பின் மோட்டார் எங்கள் சரிவுக்குத் தாங்குமா? எங்கேயோ 40 கிலோவாட் என்று படித்தேன், பயமாக இருக்கிறது.

ஸ்பேனர் எழுதியது:

40 கிலோவாட் என்பது ஏறக்குறைய 54 குதிரைத்திறன். ஆழமான சேற்றில் மணிக்கணக்கில் உழல அது செய்யப்படவில்லை. ஆனால் முன்சக்கரம் வழுக்கும் முக்கால் கிலோமீட்டரில் பின்னாலிருந்து ஒரு தள்ளு கொடுக்க அது போதும், இதுவரை அந்த வேலையை நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள். டிரெயில் மோடை அழுத்தினால் சும்மா சுற்றுகிற சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மற்றதற்கு விசையை அனுப்பும். குழிகள் ஒரு முழ ஆழம் என்றால் மட்டும் ஃபாரஸ்டர் பக்கம் சாய்வேன்.

இன்னொன்று கேட்கிறேன். இரண்டு வண்டிக்கும் முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது, ஃபாரஸ்டரில் இரண்டு கண் போல ஜோடியாக. கல் பட்டுக் கண்ணாடி மாற்றினால் அதைத் திரும்ப அளவுபடுத்த வேண்டும். மண் பாதை ஆள் நீங்கள், கல் தெறிக்கத்தான் செய்யும். உங்களுக்குப் பக்கத்தில் அதைச் செய்யத் தெரிந்த பட்டறை எந்த வண்டிக்கு இருக்கிறது? என்னைக் கேட்டால் அந்தப் பட்டறை எங்கே இருக்கிறதோ, அந்த வண்டிக்கே என் ஓட்டு.

மேட்டுவீடு எழுதியது:

குழி ஒரு முழம் இல்லை, ஒரு சாண் இருக்கும். சுபாரு பட்டறை ஒரு மணி நேரத் தூரம், டொயோட்டா பதினைந்து நிமிடம். இப்போது தராசு எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

சனிக்கிழமை இரண்டையும் வீட்டுச் சரிவுக்கே ஓட்டிவரச் சம்மதம் வாங்கிவிட்டேன். சின்னவனின் சீட்டைக் கழற்றி எடுத்துப் போகிறேன், முதலில் பொருத்திப் பார்க்க. மாமியாரையும் கூட்டிப்போகிறேன். அவர் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கிவிட்டால் ராவ்4. அந்தக் கேபிளை லிஃப்ட்டில் பார்க்கச் சொல்லியாயிற்று. பச்சையாகப் பூத்திருந்தால் ஸ்பேனர் அண்ணா, உங்களிடம்தான் திரும்ப வருவேன்.