மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்எஸ்) வியாதிக்கு டாக்டர் எழுதுன இன்ஃப்யூஷனை இன்சூரன்ஸ் மறுத்துடுச்சு, முதல்ல மாத்திரை ட்ரை பண்ணணுமாம். எப்படி முடிவு எடுக்குறது?

டாலஸ்_கொங்கு:

எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கோம், என் வைஃபுக்கு 31 வயசு. போன வருஷக் கடைசியில ஒரு கண்ணு மங்கலாகி, கண்ணை அசைச்சாலே வலிக்குதுன்னு சொன்னா, ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண் நரம்பு வீக்கம்)னு சொல்லி எம்ஆர்ஐ எடுத்தாங்க. மூளையில நிறைய புள்ளி, கழுத்துத் தண்டுவடத்துலயும் இருக்கு, கான்ட்ராஸ்ட் போட்டப்ப ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ரிலாப்சிங் ரெமிட்டிங் எம்எஸ்னு உறுதி பண்ணிட்டாங்க, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்குற வியாதி, அட்டாக் வந்து வந்து தணியுற வகை. ஸ்டீராய்டு ஏத்துனதுல பார்வை பெரும்பாலும் திரும்பிடுச்சு, ஆனா சிவப்பு கலர் இன்னும் வெளுத்த மாதிரிதான் தெரியுதாம்.

நியூராலஜிஸ்ட் ஒக்ரெவஸ் எழுதுனாரு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸ் மாதிரி ஏத்துற இன்ஃப்யூஷன். இன்சூரன்ஸ்ல ப்ரையர் ஆத்தரைசேஷன் (முன் அனுமதி) மறுத்துட்டாங்க, ஸ்டெப் தெரபியாம். ஜெனரிக் டைமெத்தில் ஃப்யூமரேட், டெரிஃப்ளூனமைடு ரெண்டையும் எடுத்துப் பாத்து ஃபெயில் ஆனாத்தான் இது கிடைக்குமாம். ஃபெயில்னா இன்னொரு அட்டாக் வரணும், இல்ல எம்ஆர்ஐல புதுசா புள்ளி வரணும். அதைப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

இன்னொரு பக்கம் ஊர்ல இருந்து மாமியார் "அவ்வளவு பவர் மருந்து எதுக்கு, சின்ன மாத்திரையில ஆரம்பிங்க"ன்னு அழுறாங்க. நெட்ல தேடுனா பிஎம்எல்னு மூளையில வர்ற இன்ஃபெக்ஷன், கேன்சர்னு என்னென்னமோ வருது. ரெண்டு வருஷத்துல குழந்தை பெத்துக்கணும்னு வேற இருக்கோம். ப்ளட் டெஸ்ட்ல டிபிக்கான குவான்டிஃபெரான் பாசிட்டிவ்னு வந்திருக்கு, இருமல் காய்ச்சல் எதுவும் இல்ல, எக்ஸ்ரே க்ளியர். மாத்திரையை ஒத்துக்கலாமா, இல்ல அப்பீல் போகலாமா? இந்த வழியில போனவங்க யாராவது சொல்லுங்க.

ராலே_அக்கா:

தம்பி, முதல்ல உங்க வைஃபுக்கு என் அன்பைச் சொல்லுங்க. எனக்கு எம்எஸ் வந்து ரொம்ப வருஷமாச்சு, அப்ப எல்லாருக்கும் ஊசியிலதான் ஆரம்பிப்பாங்க. 1993ல பீட்டாசெரான்னு முதல் இன்டர்ஃபெரான் வந்துச்சு, 1996ல அவோனெக்ஸ், கோபாக்ஸோன். நானும் இன்டர்ஃபெரான்தான் போட்டேன். ஊசி போட்ட ராத்திரி முழுக்க ஃப்ளூ வந்த மாதிரி நடுங்கும், மறுநாள் ஆபீஸ் போகணும். உயிருக்கு ஆபத்தில்லாத மருந்துன்னு டாக்டர் சொன்னது நிஜம்தான், ஆனா அந்த மருந்துல இருந்தப்பத்தான் எனக்கு இடது கால் போச்சு, இப்பவும் படி ஏறுறப்ப பிடிமானம் வேணும். மருந்து சேஃப், வியாதி சேஃப் இல்லையே! அதை யாரும் அன்னைக்கு எனக்கு எடுத்துச் சொல்லல.

உங்க அத்தை பயப்படுறது நியாயம்தான், அவங்ககிட்ட கோபப்படாதீங்க. ஆனா மருந்தால வர்ற ரிஸ்க்கை மட்டும் ஒரு பக்கம் எழுதிட்டு மறுபக்கத்தைக் காலியா விடாதீங்க. அந்தப் பக்கம் மருந்து பத்தாம போனா வர்ற ரிஸ்க்கை எழுதணும். சின்ன வயசு, தண்டுவடத்துல புள்ளி, கான்ட்ராஸ்ட்ல தெரியுற புள்ளி, கண்ணு முழுசா திரும்பல, இதெல்லாம் டாக்டர்ங்க கவலையோட பாக்குற விஷயங்க.

நான் இப்ப ஒக்ரெவஸ்லதான் இருக்கேன். முதல் டோஸ் ரெண்டாப் பிரிச்சு ரெண்டு வாரம் தள்ளி 300, 300 மில்லிகிராம் ஏத்துவாங்க, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா 600. முதல் தடவை தொண்டை அரிச்சுது, ஸ்பீடைக் குறைச்சாங்க, சரியாயிடுச்சு. சளி பிடிச்சா மத்தவங்களுக்கு நாலு நாள்னா எனக்கு ரெண்டு வாரம் இழுக்கும், அது உண்மை. தடுப்பூசி எல்லாம் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சிடுங்க, ஆரம்பிச்சப்புறம் போட்டா உடம்பு சரியா எதிர்ப்பு உண்டாக்காது.

ஃபார்முலரி_ஃபார்மசிஸ்ட்:

ஒரு மேனேஜ்டு கேர் (இன்சூரன்ஸ்) கம்பெனியில ஃபார்முலரி (எந்த மருந்துக்குக் காசு குடுக்கலாம்ங்கிற லிஸ்ட்) வேலை பாத்த அனுபவத்துல சொல்றேன், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அப்பீல் எழுத உதவும்.

ஸ்டெப் தெரபிக்குப் பெரிய காரணம் காசுதான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஒக்ரெவஸ் 2017ல வந்தப்பவே லிஸ்ட் விலை வருஷத்துக்கு 65,000 டாலர். டைமெத்தில் ஃப்யூமரேட் 2020ல ஜெனரிக் ஆனது, டெரிஃப்ளூனமைடு 2023ல, அதனால இப்ப ரெண்டும் மலிவு. ஆனா காசு மட்டுமே காரணமும் இல்ல. டைசாப்ரிங்கிற இன்னொரு எம்எஸ் மருந்து 2004 நவம்பர்ல அப்ரூவ் ஆகி, பிஎம்எல் கேஸ் வந்ததால 2005 பிப்ரவரியிலேயே நிறுத்தி, 2006ல கடும் கண்காணிப்போட திரும்ப விட்டாங்க. ஸின்பிரைட்டான்னு இன்னொண்ணு 2016ல வந்து, மூளை வீக்கம் வந்த கேஸ்களால 2018ல மொத்தமா வாபஸ் ஆச்சு. இதெல்லாம் பாத்த ஃபார்முலரி கமிட்டிக்காரங்க புது மருந்துன்னா தயங்குறது புரிஞ்சுக்கக் கூடியது. ஆனா அந்தத் தயக்கத்தை இன்னைக்கு 31 வயசுப் பொண்ணு மேல அப்படியே வைக்கிறது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன். பிஎம்எல் பயம் முக்கியமா டைசாப்ரியோடது, அதுலயும் ஜேசி வைரஸ் (பிஎம்எல்லை உண்டாக்குறது) ஆன்டிபாடி பாசிட்டிவா இருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல போறவங்களுக்கு, முன்னாடி இம்யூனிட்டியைக் குறைக்கிற மருந்து எடுத்தவங்களுக்கு அதிகம். ஒக்ரெவஸ்ல அது ரொம்ப அபூர்வம். அதுல பாக்க வேண்டியது இன்ஃப்யூஷன் ரியாக்ஷன், இன்ஃபெக்ஷன், வருஷக்கணக்குல இம்யூனோகுளோபுலின் (ரத்தத்துல இருக்குற எதிர்ப்புப் புரதம்) குறையுறது, பழைய ஹெபடைட்டிஸ் பி திரும்ப எழும்புறது. ட்ரையல்ல (மருந்தை ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்குற சோதனை) மார்பகப் புற்று ஒக்ரெவஸ் எடுத்த குரூப்ல கொஞ்சம் கூடத் தெரிஞ்சுது, அதனால வழக்கமான ஸ்க்ரீனிங்கை விடக்கூடாதுன்னு லேபிள்லயே இருக்கு.

இப்ப உங்க கேஸ். அவங்க முதல்ல எடுக்கச் சொல்ற டெரிஃப்ளூனமைடு லேபிளை எடுத்துப் படிங்க. மேலேயே கட்டம் கட்டி ரெண்டு எச்சரிக்கை, ஒண்ணு லிவர், இன்னொண்ணு கருவுல இருக்குற குழந்தைக்குப் பாதிப்பு. மருந்தை நிறுத்துனாலும் ரத்தத்துல ரொம்ப நாள் தங்கும், சீக்கிரம் வெளியேத்த கொலெஸ்டிரமின் 11 நாள் குடிக்கணும். அதோட, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் பண்ணி, பாசிட்டிவ்னா முதல்ல அதுக்கு ட்ரீட்மென்ட் குடுக்கணும்னு அதே லேபிள் சொல்லுது. குழந்தை வேணும்ங்கிற, குவான்டிஃபெரான் பாசிட்டிவான ஒருத்தருக்கு இதைப் படியா வைக்கிறது மருத்துவ ரீதியா நிக்காது. அப்பீல் லெட்டர்ல முதல் பாராவே இதுவா இருக்கட்டும்.

ரெண்டாவது பாரா ட்ரையல். ஓபெரா ட்ரையல்ல ஒக்ரெலிசுமாப் (ஒக்ரெவஸோட மருந்துப் பேர்) எடுத்தவங்களுக்கு வருஷ சராசரி அட்டாக் 0.16, இன்டர்ஃபெரான் எடுத்தவங்களுக்கு 0.29. அதை விட உங்களுக்கு நேரடியானது அஸ்க்லெபியோஸ், ஒக்ரெவஸ் மாதிரியே பி செல்லை (எதிர்ப்புச் சக்தியில ஒரு வகை வெள்ளணு) குறைக்கிற ஒஃபாட்டுமுமாப்பை இவங்க சொல்ற டெரிஃப்ளூனமைடோடவே மோத விட்டுப் பாத்தாங்க, முதல் ட்ரையல்ல 0.11க்கு 0.22, பாதி. "எங்க டாக்டர் சொன்னார்"னு மட்டும் எழுதுனா ரிவ்யூ பண்றவர் டெம்ப்ளேட் பதிலைத் திருப்பி அனுப்பிடுவார், இப்படி எழுதுனா அவர் பதில் சொல்லியே ஆகணும். எழுதுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பியர் டு பியர் கால் (இன்சூரன்ஸ் பக்க டாக்டரோட நேரா பேசுறது) கேக்கச் சொல்லுங்க, எதிர்ப்பக்கம் நியூராலஜிஸ்ட்தான் வேணும்னு கேக்கட்டும்.

எடிசன்_ஆனந்தி:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரர் டைமெத்தில் ஃப்யூமரேட்ல பல வருஷமா இருக்காரு, ஒரு அட்டாக் வரல, எம்ஆர்ஐ அப்படியே இருக்கு. ஆரம்பத்துல முகம் செவந்து எரிஞ்சுது, வயித்து வலி, வயிறு நிறைய சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டா பரவால்லன்னு போகப் போகப் பழகிடுச்சு. லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) குறையுதான்னு ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பாக்குறாங்க, அவ்வளவுதான். மாத்திரைன்னாலே வேஸ்ட்னு நினைச்சுடாதீங்க. எல்லாருக்கும் முதல் நாளே வலுவான மருந்து வேணுமா, படிப்படியாப் போனாப் போதுமாங்கிறதைப் பாக்கவே ட்ரீட்-எம்எஸ், டெலிவர்-எம்எஸ்னு ரெண்டு ட்ரையல் ஆரம்பிச்சாங்க, அந்த அளவுக்கு டாக்டர்ங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து.

ஆனா அவருக்கு அப்ப 44 வயசு, தண்டுவடத்துல ஒண்ணும் இல்ல, கண்ணும் முழுசா திரும்பிடுச்சு. உங்க வைஃப் கேஸ் அப்படி இல்லைன்னு படிச்சாலே தெரியுது. அப்பீல் நடக்குற நாள்ல மருந்தே இல்லாம இருக்குறது மட்டும் வேண்டாம், அந்த இடைவெளிக்கு டைமெத்தில் ஃப்யூமரேட் எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. அதை ஏத்துக்கிட்டா அப்பீல் பலவீனமாகிடுமான்னும் அவர்கிட்டயே கேட்டுக்குங்க.

டாலஸ்_கொங்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வைஃபும் உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சா. ரெண்டு டவுட். ஒண்ணு, டெக்சாஸ்ல ஸ்டெப் தெரபிக்கு எதிரா சட்டம் இருக்குன்னு ஃப்ரெண்டு சொன்னான், ஆனா எங்க எச்ஆர்ல கேட்டா ப்ளான் "செல்ஃப் ஃபண்டட்"ங்கிறாங்க, அதுக்கு என்ன அர்த்தம்? ரெண்டு, டிபி பாசிட்டிவ் வந்தது சின்ன வயசுல போட்ட பிசிஜியாலயா? அப்படின்னா விட்டுடலாமா?

ஃபார்முலரி_ஃபார்மசிஸ்ட்:

விட்டுடாதீங்க. பிசிஜி குழப்புறது தோல்ல ஊசி போட்டு வீக்கம் அளக்குற பழைய டெஸ்ட்டை, குவான்டிஃபெரானை அது பாதிக்காது. நம்ம ஊர்ல வளந்த நிறைய பேருக்கு உள்ள தூங்குற டிபி இருக்கும், தெரியாமலே இருப்பாங்க. ரிஃபாம்பின் நாலு மாசம், இல்ல வாரம் ஒருக்கா 12 டோஸ்னு வேற ஒரு கோர்ஸ் இருக்கு, எப்ப ஆரம்பிச்சு எம்எஸ் மருந்தை எப்ப சேக்குறதுன்னு இன்ஃபெக்ஷன் டாக்டரும் நியூராலஜிஸ்ட்டும் பேசி முடிவு பண்ணட்டும். ரிஃபாம்பின் எடுக்குறப்ப கர்ப்பத்தடை மாத்திரை வேலை செய்யாமப் போகலாம், அதை நர்ஸ்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. ஹெபடைட்டிஸ் பி ரிசல்ட்டையும் கையில வாங்கி வைங்க. குழந்தை விஷயத்துல, ஒக்ரெவஸ் கடைசி டோஸுக்கப்புறம் ஆறு மாசம் கர்ப்பம் வேண்டாம்னு அமெரிக்க லேபிள்ல இருக்கு, ஆனா நிறுத்துனதும் டைசாப்ரி, ஜிலென்யாங்கிற எம்எஸ் மாத்திரை மாதிரி வியாதி சீறிக்கிட்டு திரும்புறது இதுல வழக்கம் இல்ல, அதனால ப்ளான் பண்ண முடியும்.

டெக்சாஸ் சட்டம் 2017ல வந்தது, ஸ்டெப் விலக்கு கேட்டா 72 மணி நேரத்துல பதில் சொல்லணும். ஆனா செல்ஃப் ஃபண்டட்னா உங்க கம்பெனியே செலவை ஏத்துக்குது, இன்சூரன்ஸ்காரங்க பேப்பர் வேலை மட்டும்தான் பாக்குறாங்க. அது எரிசாங்கிற ஃபெடரல் சட்டத்துல வரும், மாநிலச் சட்டம் தொடாது. இதுல ஒரு நல்லதும் இருக்கு, கடைசி முடிவு உங்க கம்பெனி கையில, பெனிஃபிட்ஸ் மேனேஜரை நேரா பாத்துப் பேசலாம், நான் பாத்த சில கேஸ் அங்கேயே முடிஞ்சிருக்கு.

டினையல் (மறுப்பு) வந்த நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள உள் அப்பீல் போடலாம், முடிவு 30 நாள்ல வரணும், டாக்டர் அவசரம்னு எழுதிக் குடுத்தா 72 மணி நேரம். அதுலயும் மறுத்தா நாலு மாசத்துக்குள்ள எக்ஸ்டர்னல் ரிவ்யூ கேளுங்க, வெளியில இருக்குற டாக்டர் பாப்பார், அவர் சொன்னா ப்ளான் கட்டுப்படணும்.

ரெண்டு மாத்து வழியும் கேட்டு வைங்க. கெசிம்ப்டா (மேல சொன்ன ஒஃபாட்டுமுமாப்) அதே வகை, மாசம் ஒருக்கா வீட்டுலயே ஊசி, சில ஃபார்முலரில அதுதான் சுலபமாக் கிடைக்கும். இன்னொண்ணு ரிட்டுக்சிமாப், எம்எஸ்க்கு எஃப்டிஏ அப்ரூவல் இல்ல, ஆனா சதர்ன் கலிஃபோர்னியா கைசர்ங்கிற ஆஸ்பத்திரி-இன்சூரன்ஸ் அமைப்புலயும் ஸ்வீடன்லயும் வருஷக்கணக்கா இதைத்தான் பெருமளவு குடுக்குறாங்க. டைமெத்தில் ஃப்யூமரேட்டோட ஒப்பிட்ட ஸ்வீடன் ட்ரையல்ல ரெண்டு வருஷத்துல அட்டாக் வந்தவங்க 3 சதவீதம், மாத்திரைக்காரங்க 16 சதவீதம். 2023ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்து லிஸ்ட்லயும் எம்எஸ்க்காக சேத்துச்சு. பயோசிமிலர் (அதே மாதிரி மத்த கம்பெனி செய்யுற மருந்து) வந்ததால விலையும் குறைவு, கமிட்டியில பேச இது நல்ல துருப்பு.

ராலே_அக்கா:

அப்ரூவல் வந்ததும் தம்பி, எந்த சென்டர்ல ஏத்தணும்னு ப்ளான்ல கேட்டு எழுத்துல வாங்குங்க. ஹாஸ்பிட்டலுக்குள்ள ஏத்துனா பில் ரொம்பக் கூட, தனி இன்ஃப்யூஷன் சென்டர்தான்னு பல ப்ளான் அடம் பிடிக்கும். மருந்துக் கம்பெனி குடுக்குற கோபே (நம்ம பங்குக் காசு) உதவி உங்க டிடக்டிபிள்ல (ப்ளான் குடுக்குறதுக்கு முன்னாடி நாம கட்டுற தொகை) சேருமா, இல்ல அக்யூமுலேட்டர்னு சொல்லிக் கணக்குல எடுக்காம விட்டுடுவாங்களான்னும் கேளுங்க, அது தெரியாம இருந்தா உதவி தீர்ந்த மாசம் மொத்த பில்லும் உங்க தலையில வரும். நீங்க வேலை மாறுற ஐடியா இருந்தா இன்ஃப்யூஷன் முடிஞ்ச கையோட மாறுங்க, புது ப்ளான்ல ஆத்தரைசேஷன் திரும்ப முதல்ல இருந்து, அதுக்கு ஆறு மாசம் டைம் கிடைக்கும்.